முறிந்த கையும் வினை என்னும் சொல்லும்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள் வைகறையில், போத்தனூரில் எம் இல்லத்தின் புறக்கடைப் படியில் வழுக்கி வீழ்ந்து யாம் வலக்கை முறியப்பெற்றேம். இதனை ஈண்டு எழுதுதல் அன்பர்தம் இரக்கத்தைப் பெறுதற்கு அன்று. அறுபதைக் கடந்தார் ஒருவர் ஈரப்படியில் வழுக்குதல் உலகிற்குப் புதுவதும் அன்று. வீழ்ந்த அளவிலே எம் வாயினின்று எளிதாகப் பிறந்த ஒரு சொல், கை கூடிய பின்னரும் எம்மை விட்டபாடில்லை. அது நம் சித்தாந்தத்தின் தலையாய சொற்களுள் ஒன்றாகலின், அதனை எவ்விடத்துச் சொல்லலாம், எவ்விடத்துச் சொல்லலாகாது என்னும் ஐயத்தையும், ஒற்றைக் கையினனாய் யாம் இருந்த நாற்பத்தைந்து நாளில் அவ்வையம் நடந்த வழியையும் அறிஞர் முன்னர் வைக்கத் துணிந்தேம்.

நிகழ்ந்தது இது. எம் தெருவிற் குழாய்நீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும். வரும் இரவில் எம் வீட்டாரும் அடுத்த வீட்டாரும் இரப்பர்க் குழாயை நீட்டித் தத்தம் தொட்டிகளை நிரப்பிக்கொள்வேம். அன்றிரவு அடுத்த வீட்டுச் சிறுவன், பதினோராண்டினன், தன் வீட்டுத் தொட்டி நிரம்பிய பின் திருகை மூடாமல் குழாயை எம் படிமேற் போட்டுவிட்டு உறங்கச் சென்றான். விடியுமட்டும் நீர் கசிந்து படியிலிருந்த பாசியை நனைத்து வைத்தது. யாம் பூசைக்கு மலர் கொய்யக் கூடையோடு இறங்கினேம். கால் நழுவிற்று. வீழும் உடம்பைத் தாங்க, எம்மைக் கேளாமலே கை முன்னே நீண்டது. நீண்ட கைதான் முறிந்தது.

ஓசை கேட்டுச் சிறுவனும் அவன் அப்பத்தாளும் ஓடிவந்தனர். குழாயைக் கண்டதும் அப்பிள்ளை நடந்ததை உணர்ந்து அழலாயினான். ‘அழாதே கண்ணு, இது என் வினை’ என்றேம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அப்ப எம்மேல தப்பு இல்லீங்களா தாத்தா?’ என்றான். யாம் விடை கூறுமுன், எம்மைத் தூக்கி அமர்த்திக்கொண்டிருந்த அம்மூதாட்டி, ‘வினைன்னு நீங்க சொல்லிப்போட்டீங்க, இனி இவன் குழாயை மூடுவானுங்களா?’ என்றார். நூல்கள் சில ஓதியிருந்தும் அவ்வம்மையாரின் வினாவிற்கு அன்று எம்மிடம் விடை இல்லை.

மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படத்தைக் காட்டி, முன்கையின் இரண்டு எலும்புகளுள் பெருவிரற் பக்கத்தது மணிக்கட்டின் அருகே முறிந்து பின்னோக்கிச் சாய்ந்துள்ளது என்றார் மருத்துவர். கையூன்றி வீழ்வார்க்குப் பெரும்பாலும் முறிவது இவ்விடமே. டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் என்பார் இம்முறிவினை 1814-ஆம் ஆண்டிலேயே விரித்தெழுதினர். ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல் ஆகலின், காலிஸ் உள்ளெலும்பைக் காணாமலே கையின் கோட்டத்தைக் கொண்டு முறிவினை அனுமித்தார் என்க. காரியங்கொண்டு காரணத்தைத் துணியும் அம்முறை நம்மனோர்க்குப் புதிதன்று; வினை உண்டென்பதனையும் நாம் அங்ஙனமே துணிகின்றேம். நம் நாட்டுச் சுசுருதரோ எலும்பு முறிவினைப் பன்னிரண்டாகவும் மூட்டுப் பிறழ்வினை ஆறாகவும் வகுத்து, மூங்கில், அரசு, அத்தி, மருது முதலியவற்றின் பட்டைகளை வைத்துக் கட்டுமாறு பண்டே விதித்துள்ளார்.

எமக்கு இடப்பட்டது மாவுக்கட்டு. ஜிப்சம் என்னும் கல்லைச் சுட்டுப் பொடித்த மாவினைத் துணியில் ஏற்றி நீரில் நனைத்துச் சுற்றினால், அது சற்றே வெம்மையுற்றுச் சில நிமிடங்களில் கல்லாகும். ஆலந்து நாட்டுப் படை மருத்துவர் மத்தைசன் என்பார் 1852-இல் வெளியிட்ட முறை அது; போர்க்களத்தில் முறிந்தார்க்கு விரைவிற் கட்டுதற்கு அவர் கண்டது, குழாய்நீரில் வழுக்கினார்க்கும் உதவுகின்றது. கட்டு முடிந்தபின் மருத்துவர் கூறிய ஒரு தொடர் எமக்கு உபதேசம் போன்றிருந்தது: ‘நேராக நிறுத்துவதுதான் என் வேலை, கூடுவது என் கையில் இல்லை.’ முறிந்த இடத்திற் குருதி உறைந்து, உறைந்ததில் மெல்லிழை படர்ந்து, மெல்லிழையிற் சுண்ணச்சத்து ஏறி, ஆறு கிழமை அளவில் எலும்பு கூடுமாம். எவரும் கட்டாது விடினும் பெரும்பாலும் கூடிவிடுமாம். ஆயிற் கோணிக் கூடும் என்றார்.

இனி, வலக்கை இல்லாதார் வாழ்க்கை எத்தன்மைத்து என்பதைச் சிறிது கூறுவேம். துறவியர் மடத்து அன்பர் சிலர் இதனைப் படித்து நகைப்பினும் நகைக்க. வேட்டியை ஒற்றைக் கையால் இடுப்பில் நிறுத்தல் இயலாது என்பதனை அறுபத்தோராம் வயதிற் கற்றேம். நீராடுங்கால் கட்டு நனையாமைக்குக் கையைப் பிளாஸ்டிக் உறையிற் செறித்து விளக்குத்தண்டு போல மேலே உயர்த்தி நிற்றல் வேண்டும். இலையில் இட்ட சோற்றை இடக்கையால் எடுக்க மனம் ஒவ்வாது முதல் இரண்டு நாள் மோரையே பருகினேம்; மூன்றாம் நாள் பசி அவ்வாசாரத்தை வென்றது. கரண்டி கொண்டு உண்டேம். திருநீற்றுச் சம்புடத்தின் மூடியைத் திறக்க ஒரு கை, சம்புடத்தைப் பற்ற ஒரு கை என இரண்டு வேண்டும் என்பதை அதுகாறும் யாம் கருதியதே இல்லை. வலியினும் எம் சமயக் கல்வியை மிகுதியாகச் சோதித்தது கட்டினுள் எழுந்த தினவு. வலிக்கு மருந்து உண்டு. கல்லினுள் இருக்கும் தோலைச் சொறிதற்கு வழி இல்லை.

இந்நிலையில் ஒருநாள், யாம் சொல்லும் தொடர்களை யாமே உற்றுக் கேட்டேம். ‘என் கை முறிந்தது’ என்கின்றேம். ‘யான் முறிந்தேன்’ என்பதில்லை. ஆயின் ‘கைக்கு நோகின்றது’ என்பதில்லை; ‘எனக்கு நோகின்றது’ என்கின்றேம். சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரம், உடம்பினை ‘எனது’ என வேறாக்கிச் சொல்லும் வழக்கையே ஆன்மா உடம்பின் வேறென்பதற்கு ஏதுக்களுள் ஒன்றாகக் காட்டும். நாற்பது ஆண்டு பாடஞ்சொல்லிய அவ்வேது, படத்தில் எம் எலும்பினை யாமே கண்ட அன்றுதான் எமக்கு வெளிச்சமாயிற்று. ஒளித்திரையில் வெண்ணிறமாய் நின்ற அது எமது. அதனை நோக்கியது யாம். எனினும், மருத்துவர் அவ்வெலும்பினை இழுத்து நிறுத்திய நொடியில் எமதென்றும் யாமென்றும் இரண்டு இல்லை. கையே யாமாயினேம். சார்ந்ததன் வண்ணமாய் நிற்றல் உயிரின் இயல்பு என நூல் கூறுவதற்குப் படிகத்தையும் நிறத்தையும் உவமை கூறுதல் மரபு. இனிப் பாடஞ்சொல்லுங்கால் முறிந்த கையையும் கூறுவேம்.

பூசையே பெருங்கவலையாயிற்று. ஆன்மார்த்த பூசை இடையறாது செய்வதாக ஏற்றுக்கொண்டவர் முப்பதாண்டுகளில் முதன்முறையாக நின்றுபோமோ என்று நடுங்கினேம். எமக்குத் தீக்கை செய்வித்த பெரியவரை வினவிய பொழுது, ‘புறத்தே உடன் தீக்கை பெற்றார் ஒருவர் செய்க, அகத்தே நீர் செய்க, அகத்தே செய்தற்குக் கை வேண்டாவே’ என்றனர். இதயத்திற் பூசையும், உந்தியில் ஓமமும், புருவநடுவில் தியானமுமாகிய அவ்வகப்பூசையை யாம் நாடோறும் செய்துவந்ததாகவே எண்ணியிருந்தேம். செய்ததில்லை என்பது இப்பொழுது தெரிந்தது. கை மலரிட்டுக்கொண்டிருந்த காலத்தில் மனம் திரிந்ததைக் கை மறைத்தது. கை நின்றபின் மறைப்பது ஒன்றுமில்லாமற் போயிற்று. மந்திரம் நாவில் இருக்க, மனம் பால்கணக்கையும் தினவையும் நினைந்துகொண்டிருந்தது. இதற்குமேல் இப்பகுதியை விரித்தல் எமக்கு நாணம்.

சைவ நண்பர் ஒருவர் எம்மைக் காண வந்தவர், பாதி நகையாக வினவினார்: ‘வினை என்றீராம், வினையாயின் நுகர்ந்து கழித்தலன்றோ முறை? மருத்துவரிடம் விரைந்ததேன்?’ இவ்வினா நகையாகக் கேட்கப்படினும் நகைக்குரியதன்று. வினைக்கொள்கை உடையாரை நோக்கிப் பிறர் வீசும் வினாவும் இதுவே. எமக்குத் தோன்றிய விடையைக் கூறுதும்.

பிராரத்தம் இத்துணைத்து என்று அறிந்தார் எவரும் இலர். கை முறிதல் மட்டும் நுகர்ச்சியோ, முறிந்து கூடுதல் வரையோ, கோணிக் கூடி வாழ்நாள் முழுதும் வளைந்து நிற்றலோ, எது எம் வினையின் அளவு என்பதனை அது கழிந்தபின் அன்றி அறியலாகாது. அறியாத அளவினை அறிந்ததாகக் கொண்டு, ‘இதனினும் குறைந்தால் வினை நின்றுவிடும்’ என்று மருந்தை மறுப்பவன், இறைவன் கையிலிருக்கும் துலாக்கோலைத் தான் பிடுங்குகின்றான். அன்றியும், சிவஞான சித்தியார் இறைவன் வினைதீர்க்கும் முறையை மருத்துவன் செயலோடு ஒப்பிட்டு, சில பிணியை அறுத்துக் கீறியும் சில பிணியை இன்சுவை மருந்து கொடுத்தும் அவன் தீர்ப்பதுபோல, இறைவன் துன்பமும் இன்பமும் நுகர்வித்து வினையை அறுப்பான் என்று கூறும். மருத்துவம் வினைக்கு மாறாயின், ஆசிரியர் அதனை இறைவன் செயலுக்கு உவமையாக எடுப்பரோ?

வேறு தொலைவுக்குச் செல்லவும் வேண்டா. எம் கொங்குநாட்டிலேயே சான்று உண்டு. ஆளுடைய பிள்ளையார் திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்த காலத்து அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. அவர்கள் முறையிட்டபொழுது, பிள்ளையார் ‘உங்கள் வினை, நுகர்ந்து கழிமின்’ என்று கூறிற்றிலர். அது அந்நிலத்தின் இயல்பாயினும் நம்மைத் தீண்டாது என்று திருநீலகண்டப் பதிகம் அருளினர் என்பது பெரியபுராணம். வினையையே பொருளாகக் கொண்ட அப்பதிகம் நோய் தீர்த்தற்குப் பாடப்பட்டது என்பதனை நாம் ஓதுங்கால் நினைத்தல் நன்று. வினை உண்டென்று துணிந்தவரே பிணியைத் தீர்க்க முந்தினர்.

உணவின்கண் வேறொரு சோதனை வந்தது. எலும்பு கூடுதற்கு ஆட்டுக்கால் சூப்பு அருந்துக என்று வந்தார் பலரும் கூறினர். பரிவினாற் கூறியது; அவரை முனிதற்கில்லை. புத்தூர்க் கட்டிற் பயின்ற முதியவர் ஒருவர், முட்டை வெண்கருவில் உளுத்தமாவு குழைத்துப் பற்றிட்டு மூங்கிற்பத்தை வைத்துத் தாம் கட்டியிருந்தால் இருமடங்கு விரைவிற் கூடியிருக்கும் என்று வருந்தினார். யாம் இரண்டும் ஒழித்தேம். ‘மருந்தை மறுத்தல் பிழை என்றீர்; இஃது என்னை?’ எனின், கூறுதும். எம் துன்பம் தீர்தற்கு வேறோர் உயிர் துன்பத்தையும் சாவையும் ஏற்க வேண்டுமாயின், பழைய கடனைத் தீர்க்கப் புதிய கடன் வாங்கியதாகும். பிராரத்தம் தேய, ஆகாமியம் வளரும். எம் ஊருக்கு அணித்தே பேரூரில் மடம் நிறுவிய சாந்தலிங்க அடிகள் ‘கொலை மறுத்தல்’ என்றே ஒரு நூல் செய்து, அதற்குத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் உரையும் கண்டிருக்க, அம்மடத்தின் நிழலில் வாழ்வார் ஆட்டுக்காலை நாடுதல் அழகன்று. எம் மனையாள் கிளுவை வேலியிற் படர்ந்திருந்த பிரண்டையை நறுக்கி, கைகளில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு நார் உரித்து, புளியும் மிளகும் கூட்டித் துவையல் அரைத்துத் தந்தார். வடநாட்டார் இக்கொடிக்கு எலும்பு கூட்டுவது என்னும் பொருளிலேயே பெயர் வழங்குவர். அதனாற்றான் எம் கை கூடியது என்று யாம் சாதிக்கவில்லை. சுவை நன்றாயிருந்தது; களியோடு இன்னும் நன்றாயிருந்தது.

வலியினும் கடினமானது பிறர் கையை ஏற்றல். உதவி செய்தல் அறம் என்பதை நூல்கள் பலவாறு கூறும். உதவி பெறுதலும் ஒரு நோன்பு என்பதைக் கிடந்தார்தாம் அறிவர். ஏயர்கோன் கலிக்காமர் சூலையால் வருந்தியபொழுது, அதனைத் தீர்க்க நம்பியாரூரரை இறைவன் ஏவ, அவர் வருமுன்னரே தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். இறைவனைப் பெண்ணிடத்துத் தூது விடுத்தார் கையால் எம் நோய் தீர்தலோ என்னும் பத்திச் சினம் அது. அவர் உயிர் மீண்டதும் இருவரும் நண்பரானதும் அன்பர் அறிவர். எம் மகன் வயதொத்தார் எமக்குச் சட்டைப் பொத்தான் இடும்பொழுது எமக்குள் எழுந்த சினமோ பத்தியாற் பிறந்ததன்று. தூய ஆணவத்தாற் பிறந்தது. கலிக்காமர் வரலாற்றைப் பலமுறை மேடையிற் பேசியுள்ளேம். நமக்கும் அவருக்கும் இருந்த தொலைவு ஒரு பொத்தான் அளவிலே தெரிந்தது.

இனி, எம்மை உறங்கவொட்டாத பகுதிக்கு வருகின்றேம். கட்டிட்ட கையைத் தலையணைமேல் வைத்து ஒரே புறமாகக் கிடந்த இரவுகளில், சந்திப்பில் வண்டிகள் பிரிதலும் கூடுதலுமான ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கும். 1862-இல் சென்னையையும் மேல்கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வூர் வழியே சென்றது. 1873-இல் கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் கிளை பிரிந்தது. ஊரே அப்பாதையாற் பெருகியது. அவ்வோசையைக் கேட்டுக் கிடந்த ஓரிரவில், 1921-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இந்நிலையத்தில் நிகழ்ந்தது நினைவில் எழுந்தது. மலபார்க் கலகத்திற் பிடிபட்டார் ஏறக்குறைய நூற்றுவரைத் திரூரில் ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்துப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினர். காற்றுப் புகாத பெட்டி. வழியில் எவரும் திறந்திலர். போத்தனூரிற் கதவு திறக்கப்பட்டபொழுது உள்ளே பெரும்பாலார் மூச்சடைத்து மாண்டு கிடந்தனர். பின்னர் இறந்தாரையும் கூட்டி எழுபதின்மர் அளவில் மாண்டனர் என்பர்.

எம் கைக்கு ‘வினை’ என்ற அதே நாவால், அப்பெட்டியின் அருகே நின்று ‘அவர்கள் வினை’ என்று சொல்லல் ஆகுமோ? நூலளவில் அத்தொடர் பொய்யன்று என்பார் இருக்கலாம். எல்லா உயிர்க்கும் வரும் இன்பதுன்பம் வினைவழியன என்பது பொதுவிதி. அவ்வெழுபதின்மர் அவ்விதிக்குப் புறம்பாகார். ஆயினும் நா எழவில்லை. நா எழாமைக்குக் காரணம் மனமெலிவோ, அன்றி நூலிலேயே தடை உண்டோ என்று ஆராய்ந்தேம். தடை உண்டு என்றே கண்டேம்.

சித்தியார் நல்வினை தீவினைகளை இதம் அகிதம் எனப் பிரித்து, உயிர்க்கு உறுதி செய்தலை இதம் என்று கூறி, அகிதம் யாதெனின் அதனைச் செய்யாமையே என்னும். தீமை செய்தலை மட்டும் அகிதம் என்று கூறி ஆசிரியர் நின்றுவிட்டாரல்லர். உறுதி செய்தற்கு உரிய இடத்திற் செய்யாது நிற்பதே அகிதம் ஆயிற்று. எனவே, திறக்கவல்லான் ஒருவன் பெட்டிக்குள்ளிருந்து எழும் கூக்குரலைக் கேட்டு, ‘அவர்கள் வினை’ என்று மெய்யாகிய ஒரு தொடரைச் சொல்லிக்கொண்டு நின்றானாயின், அம்மெய்யே அவனுக்குத் தீவினை. ஒருவன் துன்பத்தைக் கண்ட வழி நமக்கு அதனாற் பெறப்படுவது அவன் முன்வினையைப் பற்றிய தீர்ப்பன்று. நாம் செய்யற்பாலது யாது என்னும் வினா ஒன்றே. வினைக்கொள்கையைத் தன்னை நோக்கித் திருப்பினால் அது பொறுமையைத் தரும். பிறரை நோக்கித் திருப்பினால் அது கல்நெஞ்சிற்கு ஒரு பூணாய்விடும். நம்மவருள் நோயாளரையும் வறியாரையும் நோக்கி இச்சொல்லை வழங்குவார் பலரைக் கண்டுள்ளேம். யாமும் வழங்கியுள்ளேம்.

அற்றேல், பெட்டியை அடைத்தார் இறைவன் ஏவலால் வினைப்பயனை ஊட்டினார் ஆகாரோ, அவர்க்குப் பழி யாது என்று வினவலாம். சிறுவன் வினவியதும் இதுவே அன்றோ? இங்கு மருத்துவன் உவமையையே மீண்டும் நோக்குக. கத்தியாற் கீறிக் கட்டியை ஆற்றுபவன் நோயின் அளவை அறிந்து கீறுகின்றான். வழிப்பறிப்பான் ஒருவன் குத்திய குத்து, தற்செயலாக ஒரு பழங்கட்டியை உடைத்து நலமே செய்துவிடினும், அவன் மருத்துவன் ஆகான். அவனுக்குக் கூலி கொடுப்பாரும் இலர். அவன் அறிந்தது தன் பேராசை ஒன்றே. அதுபோல, பிறன் வினையின் அளவை மனிதன் அறியான் ஆகலின், அதனை ஊட்டும் உரிமை அவனுக்கு இல்லை. நுகர்ந்தார்க்கு அது பழவினை கழிந்தது; செய்தார்க்குப் புதுவினை ஏறியது. ஒரே நிகழ்ச்சி இருவர் ஏட்டில் இருவேறு கணக்காக எழுதப்படும். ஒருவர் ஏட்டைக் காட்டி மற்றவர் ஏட்டை அழித்தல் இயலாது. அடைத்தார் செயலோடு பதினோராண்டுச் சிறுவன் மறதியை நிகராக வைத்தல் கொடுமை. அளவு மலையும் மணலுமாம். இரண்டு ஏடு என்னும் முறை மட்டும் ஒன்றே.

ஆகவே யாம் சிறுவனிடம் சொன்னது பிழை. அதுவும் ஒரு பிழையன்று. ‘என் வினை’ என்றது பெருந்தன்மையால் என்று முதலில் எண்ணி மகிழ்ந்தேம். உண்மையில், அவன்மேற் பொங்கிய சினத்தை யாம் காட்டாமலும், அதே சமயம் அவனுக்கு மேலானவராய்த் தோன்றவும் அச்சொல் வாய்த்தது. இன்னும் கேண்மின். வீழ்ந்த இருபதாம் நாள், அதே படியில், அதே பாசியில் எம் மனையாள் கால் நழுவித் தூணைப் பற்றித் தப்பினார். மூன்று கிழமையாக அப்பாசியைச் சுரண்டவோ பிறரைச் சுரண்டுமாறு சொல்லவோ எமக்குத் தோன்றவில்லை. ஏன்? காரணம் கண்டுபிடித்து முடித்துவிட்டேம் அன்றோ! வினை என்று பெயரிட்டபின் பாசிக்கு என்ன வேலை? அம்மூதாட்டி அஞ்சியது சிறுவனைப் பற்றி, நிகழ்ந்ததோ எம்மிடத்தில். அன்று மாலையே தேங்காய்நாரும் சுண்ணாம்பும் கொண்டு படியைத் தேய்க்கச் செய்தேம்.

அதன்பின் சிறுவனை அழைத்து, ‘கண்ணு, அன்று நான் சொன்னது எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல், உனக்குச் சொல்லத்தக்கது அன்று. குழாயை மூடாதது உன் பிழைதான்’ என்றேம். அவன் முகம் வாடும் என்று அஞ்சினேம், வாடவில்லை. நெடுநாள் அடைத்திருந்த ஒன்று திறந்தது போல மூச்சு விட்டான். ‘எனக்கும் அப்படித்தானுங்க தோணுச்சு’ என்றான். மூன்று கிழமையாக எம் வீட்டுப் பக்கம் அவன் வாராதிருந்த காரணம் அப்பொழுது விளங்கிற்று. பிழை இல்லை என்று பெரியவர் கூறிவிட்டமையால், மன்னிப்புக் கேட்கவும் அவனுக்கு வழி இல்லாமற் போயிருந்தது. மறுநாள் முதல் விடியலில் மலர் கொய்து தருதலைத் தானே ஏற்றுக்கொண்டான்.

மார்கழித் தொடக்கத்திற் கட்டினை வெட்டி நீக்கினர். உள்ளிருந்து வந்தது எம் கையாகவே தோன்றவில்லை. தோல் உரிந்து, தசை மெலிந்து, மயிர் நீண்டு, வேறொருவர் கை போலக் கிடந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. வெந்நீரில் வைத்து நாடோறும் மடக்கி நீட்டிப் பழக்கினேம். திருவாதிரை நாளிற் பேரூர் சென்று சபையின் முன் கைகளைத் தலைமேற் குவித்தபொழுது, வலக்கை இடக்கையினும் ஒரு விரற்கடை தாழ்ந்தே நின்றது. உடன் வந்த சிறுவன் அதனை நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தவன் திடீரென்று வினவினான்: ‘உங்களுக்கு அந்த வினை இல்லாம இருந்திருந்தா, அன்னைக்கு நான் குழாயை மூடியிருப்பேனுங்களா தாத்தா?’

யான் மூடாவிடினும் வினை வேறு வழியில் வந்திருக்கும் என்று நூல்வழி ஒரு விடையை அவனுக்குக் கூறினேம். அவன் கேட்டது அஃதன்று என்பது அவன் முகத்தில் தெரிந்தது, எமக்கும் தெரியும். சிவஞான முனிவரின் மாபாடியத்தை எடுத்துவைத்து, இடக்கையால் ஏடு புரட்டிக்கொண்டிருக்கின்றேம். இதற்கு உரிய இடம் கண்ட அன்பர் இவ்விதழுக்கு எழுதுவாராயின், அச்சிறுவனுக்குப் படித்துக் காட்டுவேம்.